பசை வாங்கும் முன் படியுங்கள்: உடைந்த பிளாஸ்டிக்கையும் ஃபைபரையும் வீட்டிலேயே சரிசெய்ய

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 1000 லிட்டர் தண்ணீர் டேங்க் ஒன்று இருக்கிறது. போன வருடம் அதன் அடிப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு மயிரிழை விரிசல் விட்டது. எம்-சீல் பிசைந்து அப்பினேன். இரண்டாம் நாள் ஆறிய புண்ணின் பொருக்கு மாதிரி மொத்தமாக உரிந்து விழுந்தது. அடுத்து அரால்டைட். அதுவும் விழுந்தது. கடைசியாக ஹார்டுவேர் கடையில், "இது எல்லா பிளாஸ்டிக்கையும் பிடிக்கும் சார்" என்று சொல்லி ஒரு டியூபைக் கையில் கொடுத்தார்கள். 380 ரூபாய். அதுவும் அதே கதைதான். மூன்று வாரம் கீழேயிருந்து குடம் குடமாகத் தண்ணீர் தூக்கினோம்.

கடைசியில் வேலையை முடித்தது 220 ரூபாய் சால்டரிங் அயர்னும், பழைய டேங்க் ஒன்றின் துண்டும்தான். அந்தத் துணிச்சலில் நாற்காலி, குளியலறை ஃபைபர் கதவு, மாட்டுக்கொட்டகை ஷீட் என்று ஒவ்வொன்றாகக் கைவைத்தேன். சிலது சரியானது, சிலது கெட்டது. நான் பட்டதை நீங்களும் படவேண்டாம் என்று வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் பில்லைத் தேடுங்கள்

பொருள் உடைந்ததும் கை பசைக்குத்தான் போகும். அதற்கு முன்னால் பீரோவுக்குப் போங்கள். தண்ணீர் டேங்குக்கு உத்தரவாதம் உண்டு. பில்லும் வாரன்டி அட்டையும் இருந்தால், டேங்கின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களையும் விரிசலையும் படம் எடுத்துக்கொண்டு, வாங்கிய கடைக்குப் போய்க் கேளுங்கள். நீங்கள் சுரண்டி, சூடு வைத்துவிட்டுப் போனால் "கை வைத்துவிட்டீர்களே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எனக்கு அதுதான் நடந்தது. எம்-சீல் தடத்தைக் காட்டியே திருப்பி அனுப்பினார்கள்.

பைக் மட்கார்டு, முன் கவசம் போன்றவை விபத்தில் உடைந்திருந்தால் இன்சூரன்ஸ் தாளைப் பாருங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் சொந்த வண்டிச் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தாலும் பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் என்று 50 சதவீதமும், ஃபைபர் பாகத்துக்கு 30 சதவீதமும் கழிப்பார்கள். தேய்மானக் கழிவு இல்லாத பாலிசியாக இருந்தால் கதை வேறு. ஒருமுறை க்ளெய்ம் செய்தால் அடுத்த வருடப் பிரீமியத்தில் வரவேண்டிய போனஸ் தள்ளுபடியும் போய்விடும். அது முதல் வருடம் 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறுவது. ஆக, 600 ரூபாய் மட்கார்டுக்காக க்ளெய்ம் போடுவது நஷ்டக்கணக்கு. பெரிய சேதம் என்றால் தகவல் கொடுத்து, அவர்கள் ஆள் வந்து பார்க்கும் வரை தொடவேண்டாம்.

2. அது என்ன பிளாஸ்டிக் என்று கண்டுபிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். நான் வீணாக்கிய பணம் முழுக்க இந்த இடத்தில்தான் போனது.

பொருளைத் திருப்பிப் பாருங்கள். அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 2, 4 என்றால் பாலிஎத்திலீன். 5 என்றால் பாலிபுரொப்பிலீன். 3 பி.வி.சி. 6 பாலிஸ்டைரீன். 7 என்றால் மற்றவை, ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் எல்லாம் அதற்குள் வரும். தண்ணீர் டேங்கில் முக்கோணம் இல்லாமல் ஐ.எஸ். 12701 என்ற இந்தியத் தர எண் அச்சிட்டிருக்கலாம். அதுவும் பாலிஎத்திலீன்தான்.

எண்ணே இல்லையா? உடைந்த இடத்திலிருந்து நகக்கண் அளவு ஒரு சில்லை வெட்டித் தண்ணீரில் போடுங்கள். காற்றுக் குமிழி ஒட்டாமல் விரலால் அமுக்கி விடுங்கள். மிதந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். முழுகினால் பி.வி.சி., ஏ.பி.எஸ். வகை. டம்ளர் தண்ணீரில் முடிகிற இந்தச் சோதனையை மூன்று வாரம் கழித்துத்தான் நான் செய்தேன்.

மிதக்கிற வகைதான் நம் வீட்டில் அதிகம். குடம், வாளி, டேங்க், நாற்காலி, மருந்து அடிக்கிற ஸ்பிரேயர் எல்லாம் அதுதான். இவற்றின் மேற்பரப்பு மெழுகு போன்றது. சாதாரணப் பசை எதுவும் அதில் பிடிக்காது. எம்-சீல், அரால்டைட், ஃபெவிக்விக் மூன்றும் நல்ல சரக்குதான். சேம்பிலையில் தண்ணீர் ஒட்டாததற்குத் தண்ணீரைக் குறை சொல்ல முடியாது. இந்த வகையை உருக்கித்தான் ஒட்ட வேண்டும். அதுவும் அதே பிளாஸ்டிக்கின் துண்டை வைத்து.

சின்ன வயதில் தெருவில் "பிளாஸ்டிக் குடம், வாளி ஒட்டறது" என்று கூவிக்கொண்டு வருவார்களே, அவர்கள் பையில் பசை இருந்ததே இல்லை. பழுக்கக் காய்ச்ச ஒரு இரும்பும், உடைந்த குடத் துண்டுகளும்தான் இருக்கும். காரணம் இப்போதுதான் புரிகிறது.

3. சரிசெய்யத் தகுதியானதா என்று பாருங்கள்

விரலால் தேய்த்தால் வெள்ளை மாவு ஒட்டுகிறதா? வெயில் தின்றுவிட்டது. விரிசலை ஒட்டினால் பக்கத்தில் விரியும். தூக்கிப் போடுங்கள்.

நாற்காலியின் கை, முதுகு உடைந்தால் ஒட்டலாம். கால் உடைந்தால் வீட்டுப் பெரியவர்கள் உட்காரும் நாற்காலியாக அது இனிமேல் இருக்கக் கூடாது. நான் காலை ஒட்டி, கட்டுக்கம்பி போட்டு, தகடு வைத்து முறுக்கியும் என் மாமனார் உட்கார்ந்த நான்காம் நாள் சாய்ந்தது. நல்லவேளை, பின்னால் திண்ணை இருந்தது. இப்போது அது செருப்பு வைக்கும் ஸ்டாண்டு.

ஸ்பிரேயர் டேங்கைப் பற்றி ஒரு வார்த்தை. குறுவைக்கும் சம்பாவுக்கும் மருந்து அடித்த டேங்கை எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்குள் ஊறியது போகாது. அதில் சூடு வைத்தால் அந்தப் புகை நேராக உங்கள் மூக்குக்குத்தான் வரும். டேங்கை மட்டும் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள்.

4. டேங்க், குடம், வாளி: உருக்கி ஒட்டுவது

தேவையானவை: 60 வாட் சால்டரிங் அயர்ன் (25 வாட் குடத்துக்குப் போதும், டேங்கின் தடிமனுக்குப் போதாது), டிரில், உப்புத்தாள், ஆக்சா பிளேடு, பழைய டேங்க் துண்டு. துண்டுக்கு எங்கே போவது? பிளம்பர்கள் பைப் மாட்ட டேங்கில் வட்டமாக ஓட்டை போடும்போது விழும் வில்லை இருக்கிறதே, அது போதும். இல்லையென்றால் பழைய இரும்புக் கடையில் பத்து இருபது ரூபாய்க்குக் கேளுங்கள். மொத்தச் செலவு, டிரில் இரவல் என்றால், எனக்கு 300 ரூபாய்க்குள். ஒரு நாள் வேலை; காய ஒரு இரவு.

டேங்கைக் காலி செய்து, விரிசலைச் சுற்றிப் பாசியும் உப்பும் போகச் சுரண்டி, நன்றாகக் காயவிடுங்கள். விரிசலுக்குள் ஈரம் இருந்தால் உருகும்போது கொப்புளம் விடும்.

அப்புறம் விரிசலின் இரண்டு முனையிலும் 3 அல்லது 4 மில்லிமீட்டர் ஓட்டை போடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் விரிசல் அந்த வட்டத்தில் போய் நின்றுவிடும். இதை விட்டால் ஒட்டிய இடம் இருக்க, விரிசல் அதைத் தாண்டிப் போகும். முனை கண்ணுக்குத் தெரிவதைவிடக் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும். விரிசல் மேல் பேனா மையைத் தடவித் துடைத்தால் கோடு பளிச்சென்று தெரியும்.

விரிசல் நெடுகத் தடிமனில் பாதி ஆழத்துக்கு வாய்க்கால் மாதிரி சாய்வாகச் செதுக்குங்கள். டேங்க் துண்டிலிருந்து பென்சில் பருமனில் குச்சிகள் நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. குச்சியை உருக்கி வாய்க்காலில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். மெழுகுவத்தி சொட்டு தரையில் ஒட்டியிருப்பது போல அது ஒட்டியிருக்கும். நகத்தால் நெம்பினால் வந்துவிடும். முதலில் வாய்க்காலின் இரண்டு கரையையும் அயர்னால் உருக்குங்கள். அது பளபளவென்று இளகி நிற்கும்போது குச்சியை அதில் அழுத்தி, இரண்டையும் சேர்த்துப் பிசையுங்கள். புகை வந்தால் சூடு அதிகம், பிளாஸ்டிக் கருகுகிறது என்று அர்த்தம். அயர்னை எடுத்து ஈரத்துணியில் ஒரு தடவை தொட்டுவிட்டுத் தொடருங்கள். விரல்கடை விரல்கடையாகத்தான் நகர வேண்டும்.

வெளிப்பக்கம் முடிந்தபின், சன்னமான ஸ்டீல் கொசுவலையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, அயர்னால் அழுத்திப் பிளாஸ்டிக்குள் புதைத்து, மேலே இன்னொரு பூச்சு கொடுங்கள். கை எட்டினால் உள்பக்கமும் ஒரு ஓட்டம். ஆனால் டேங்குக்குள் இறங்கி உட்கார்ந்து உருக்காதீர்கள். மூடிய இடத்தில் புகையும் மின்சாரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

முழுதாக ஆறியபின் கால் டேங்க் மட்டும் நிரப்பி ஒரு இரவு விட்டுப் பாருங்கள். 1000 லிட்டர் என்றால் ஒரு டன் எடை. எடுத்த எடுப்பில் அதை ஏற்றவேண்டாம். முதல் தண்ணீரைக் கொல்லையில் தென்னைக்கு விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. விரிசல் ஏன் வந்தது என்று பார்த்தீர்களா? எங்கள் டேங்க் நான்கு செங்கல் அடுக்கு மேல் உட்கார்ந்திருந்தது. நடுவில் தாங்க ஒன்றுமில்லை. அடிப்பாகம் முழுக்கச் சமதளத்தில் படிய வேண்டும். சிமெண்ட் மேடை போட ஆன செலவு, ஒட்டிய செலவைப்போல ஆறு மடங்கு. ஆனால் அது இல்லாமல் ஒட்டியிருந்தால் மறுபடி குடம்தான்.

5. முழுகுகிற வகை: பைப், மிக்ஸி

பி.வி.சி. பைப் விரிசலை உருக்க நினைக்காதீர்கள். கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமிலப் புகை வரும், தொண்டையை அறுத்துவிடும். மேலே பூசி அடைப்பதும் மோட்டார் போட்டதும் பிய்த்துக்கொள்ளும். விரிசல் விட்ட துண்டை அறுத்து எடுத்துவிட்டு, இரண்டு கப்ளரும் (பைப்பை இணைக்கும் குழாய்த் துண்டு) ஒரு துண்டு பைப்பும் போட்டு சால்வென்ட் சிமெண்டால் (பி.வி.சி. பைப் ஒட்டும் பசை) ஒட்டுவதுதான் வழி. அறுத்த முனையின் பிசிறை அரத்தால் எடுத்து, ஈரம் துடைத்து, இரண்டு பக்கமும் தடவி, செருகும்போது கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் பிடித்திருங்கள். ஒரு நாள் விட்டு மோட்டார் போடுங்கள். நடவு நேரத்தில் அத்தனை பொறுமை யாருக்கும் இருக்காது. அதனால் தண்ணீர் தேவைப்படாத வாரத்தில் செய்யுங்கள்.

மிக்ஸி உடல், பைக் பேனல், டிவி உறை பெரும்பாலும் ஏ.பி.எஸ். இது அசிட்டோனில் கரையும். அதே வகைச் சில்லுகளை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, முழுகும் அளவு அசிட்டோன் விட்டு மூடி, ஒரு இரவு வைத்தால் கூழாகிவிடும். அந்தக் கூழைப் பின்பக்கமாக விரிசலில் பூசினால் ஒரே பிளாஸ்டிக்காகச் சேர்ந்துவிடும். ஒரு நாள் காய விடுங்கள். பக்கத்தில் அடுப்பு, பீடி, சாமி விளக்கு எதுவும் இருக்கக் கூடாது. ஜாடியின் கண்ணாடி மாதிரியான மூடியில் இதைத் தொடவேண்டாம். அது பாலிகார்பனேட்டாக இருந்தால் அசிட்டோன் பட்டதும் சிலந்திவலை மாதிரி வெடித்துவிடும்.

சின்னக் காது, கொக்கி உடைந்தால் ஃபெவிக்விக்கும் ஆப்பசோடாவும். சோடாவைத் தூவி மேலே ஒரு சொட்டு விட்டால் அந்த நொடியே கல்லாகும். அரத்தால் ராவி உருவம் கொடுக்கலாம். வழிந்ததைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைத்தால் சுடும், சில சமயம் புகையும். என் வேட்டியில் அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது.

6. ஃபைபர்: பொருள் வாங்குவதும் அளப்பதும்

ஃபைபர் என்று நாம் சொல்வது கண்ணாடி இழையை ரெசின் என்ற பிசின் போன்ற திரவத்தில் ஊறவைத்துக் கெட்டியாக்கியது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் ஃபைபர் படகுகளுக்கு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒட்டும் ஒரு அண்ணன். படகுக்கும் குளியலறைக் கதவுக்கும் வேலை ஒன்றுதான்.

வாங்க வேண்டியவை: பாலியெஸ்டர் ரெசின், மேட் (450 கிராம் வகை, ஒரு சதுர மீட்டர் அவ்வளவு எடை), ஹார்ட்னர் (ரெசினை இறுக வைக்கும் திரவம்), அசிட்டோன், பிரஷ், கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. ரெசின் வாங்கும்போது "ஆக்சிலரேட்டர் கலந்ததா?" என்று கேளுங்கள்; ரெசின் இறுகுவதை வேகப்படுத்துவது அது. கலந்ததையே வாங்குங்கள். கலக்காதது என்றால் கோபால்ட் என்று ஊதா நிறத்தில் தனியாக ஒன்று தருவார்கள். அந்தக் கோபால்ட்டும் ஹார்ட்னரும் ரெசின் இல்லாமல் நேராக ஒன்றோடொன்று சேரவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கும். இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வராதீர்கள்.

ரெசின் கிலோ 200 ரூபாயை ஒட்டி எனக்குக் கிடைத்தது. எல்லாம் சேர்த்துக் கதவு வேலைக்கு 650 ரூபாய் ஆனது. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஐந்து கிலோ வாங்காதீர்கள். நம் ஊர் வெயிலில் சில மாதத்தில் டப்பாவிலேயே கூழாகிவிடும். டப்பாவின் தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

அளவுக் கணக்கு இப்படி: ஓட்டையைச் சுற்றி 30க்கு 30 சென்டிமீட்டர் மேட் என்றால் ஒரு துண்டு 40 கிராம். இரண்டு அடுக்கு 80. மேட்டின் எடையைப்போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின், அதாவது 200 கிராம். அதற்கு ஹார்ட்னர் 2 முதல் 4 மில்லி. ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்து எடுங்கள். வெயில் காலத்தில் குறைந்த அளவே போதும்.

நான் முதல்முறை சித்திரை வெயிலில், மதியம், கண்ணளவில் ஊற்றினேன். ஐந்து நிமிடத்தில் கப் கையில் பிடிக்க முடியாத சூடு, அப்புறம் புகை. அண்ணனிடம் போய்ச் சொன்னபோது சிரித்தார். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்கல்ல தம்பி, நீ கப்புல போடுறதையே அளக்கலையே" என்றார். அதற்கும் முன்னால் தெர்மாகோல் கப்பில் கலக்கி, கப்பின் அடி கரைந்து ரெசின் முழுக்கத் தரையில் போன கதையை அவரிடம் சொல்லவில்லை. ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். எவர்சில்வர் கிண்ணமோ, மிதக்கிற வகைப் பிளாஸ்டிக் கிண்ணமோ எடுங்கள்.

7. ஃபைபர்: ஒட்டுவது

ஓட்டையின் ஓரத்தை 80 நம்பர் உப்புத்தாளால் சாய்வாகத் தேயுங்கள். 3 மில்லிமீட்டர் தடிமன் என்றால் சாய்வு சுற்றிலும் மூன்று நான்கு சென்டிமீட்டர் போக வேண்டும். பெயிண்டோ பளபளப்போ மிச்சம் இருக்கக் கூடாது. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. ஆனால் பிறகு முழுநாள் காயவிட வேண்டும். முழுக்கைச் சட்டை போடுங்கள். அப்படியும் அரிக்கும். பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், வெந்நீர் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம்.

ஓட்டைக்குப் பின்னால் அட்டை வைத்து, அதன் மேல் பாலித்தீன் தாள் ஒட்டுங்கள். அசிட்டோனால் துடைத்து, ஹார்ட்னர் கலந்த ரெசின் ஒரு பூச்சு. சின்ன மேட் துண்டு முதலில், பெரியது அதன் மேல். பிரஷ்ஷால் இழுக்காதீர்கள், குத்துங்கள்; இழுத்தால் இழை பிரஷ்ஷோடு வந்துவிடும். வெள்ளையாக இருக்கும் மேட் ரெசின் குடித்ததும் கண்ணாடி மாதிரி தெளியும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அங்கே காற்று இருக்கிறது. கலந்ததிலிருந்து உங்களுக்குக் கிடைப்பது பதினைந்து நிமிடம், வெயில் காலத்தில் பத்துகூட இல்லை.

மேற்பரப்பு மறுநாளும் பிசுபிசுவென்று இருந்தால் பயப்படாதீர்கள். காற்று பட்டால் மேல் தோல் முழுதாக இறுகாது. ஈரமாக இருக்கும்போதே மேலே ஒரு ஓ.ஹெச்.பி. ஷீட்டை (கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாள்) வைத்து நீவிவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை, பளபளப்பும் கிடைக்கும்.

ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பார்வையே போகலாம். குடிதண்ணீர்த் தொட்டிக்குள் இந்த ரெசினைப் பூச வேண்டாம், வாசனை போகாது.

8. எப்போது செய்வது, எப்போது ஆளைக் கூப்பிடுவது

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஃபைபரைத் தொடாதீர்கள். ஈரக்காற்றில் ரெசின் ஒழுங்காக இறுகாது. மாசி, பங்குனி நல்ல காலம். சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

கொட்டகை ஷீட் முழுக்கக் கிழிந்துவிட்டது, பெரிய தொட்டி, படகு என்றால் ஆளைக் கூப்பிடுவதுதான் சரி. நாகை, தரங்கம்பாடி, பழையாறு பக்கம் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலமான அந்த 61 நாளும், விசைப்படகுகள் எல்லாம் கரையேறிப் பழுதுபார்ப்பில் இருக்கும். அப்போது கூப்பிட்டால் உங்கள் கதவுக்கு யாரும் வர மாட்டார்கள். கூலியை நாள் கணக்கா, வேலைக் கணக்கா, ரெசின் யார் வாங்குவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

மிச்சமான ஹார்ட்னரை நான் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. அடுத்த முறை நாகைக்குப் போகும்போது, பாட்டிலை நிமிர்த்தி வைத்துக்கொண்டு போய் அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். அவருக்கு ஒரு நாள் வேலைக்கு ஆகும்.